பொய் தாங்காத வண்டிகள்

தூத்துக்குடியில் இரும்பு என்பது கொஞ்ச நாள் சமாச்சாரம். காலையில் கடலிலிருந்து ஒரு காற்று, மத்தியானம் உப்பளத்திலிருந்து ஒரு காற்று, சாயங்காலம் ரெண்டும் கூடி ஒரு காற்று என்று மூன்று வேளையும் உப்பைத் தின்று தின்று, ஊரிலுள்ள கார்களெல்லாம் கீழேயிருந்து மேலாகவும் உள்ளேயிருந்து வெளியாகவும் கரைந்துகொண்டே இருக்கும். அப்படிக் கரைந்ததை வெட்டி, தட்டி, ஒட்டுப் போட்டு, இன்னும் ரெண்டு வருஷம் ரோட்டில் ஓட விடுகிற டிங்கர்களில் கெட்டிக்காரன் யார் என்று எவனைக் கேட்டாலும், வேண்டாவெறுப்பாகவாவது தஸ்நேவிஸ் பேரைத்தான் சொல்வான். அந்தத் தஸ்நேவிஸ், முப்பது வருஷம் கையில் பிடித்த வெல்டிங் ஹோல்டரை ஒரு திங்கட்கிழமை சுவரில் ஆணி அடித்து மாட்டிவிட்டு, இனிமேல் எல்லாம் பசைதான் என்று சொன்னபோது, டீக்கடையில் நாலு பேருக்குப் புரையேறியது.

"காரை ஒட்டப் போறானாம்லா! தபால் கவரா அது?" என்று சிரித்தார்கள். தஸ்நேவிஸ் அசரவில்லை. "வெல்டிங் எல்லாம் பழைய காலம்வே. வெளிநாட்டுல ஏரோப்ளேனையே பசை போட்டுத்தான் ஒட்டுதான். நீரு ஏரோப்ளேனவிட ஒசத்தியோ?" என்று கேட்டான். ஏரோப்ளேன் என்றதும் வாயை மூடிக்கொண்டார்கள். ஏரோப்ளேனைப் பற்றிப் பேசினால் நம் ஊரில் எவனும் எதிர்த்துப் பேச மாட்டான்.

பசை எங்கிருந்து வந்தது என்று தயவுசெய்து கேட்காதீர்கள். ஹார்பரில் பத்து நாள் நங்கூரம் போட்டு நின்ற ஒரு கப்பலிலிருந்து இறங்கிய மாலுமி, இரண்டு பெரிய டின்களைப் பட்டறை வாசலில் வைத்துவிட்டு, வாயில் நுழையாத ஒரு பாஷையில் ரொம்ப நேரம் எதையோ எச்சரித்துவிட்டுப் போனான். ஒன்றில் தேன் மாதிரிக் குழம்பு, மற்றதில் சாம்பல் நிறத்தில் களி. டின் மேல் இருந்த சீட்டில் எபாக்சி என்ற ஒரு சொல்லை மட்டும்தான் படிக்க முடிந்தது. அந்த எச்சரிக்கையில் ஒரு வார்த்தை புரிந்திருந்தாலும் இந்தக் கதை இல்லை, அதனால் புரியாததே நல்லது.

வேலை என்னவோ சுத்தமான வேலைதான், சும்மா சொல்லக் கூடாது. துருப்பிடித்த தகட்டை வெட்டி எறிவான், புதுத் தகட்டையும் பழைய விளிம்பையும் உப்புத்தாள் போட்டு வெள்ளி தெரியத் தேய்ப்பான், தின்னரில் துடைப்பான், உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றில் தேனையும் சாம்பலையும் சரிக்குச் சரி எடுத்து, கட்டி தட்டாமல் ஒன்றாகிற வரைக்கும் குழைப்பான், விரலால் தடவி, கிளாம்ப் போட்டு இறுக்கி, ஒரு பகல் ஒரு ராத்திரி யாரும் தொடக் கூடாது என்று சாக்குப் போட்டு மூடிவிடுவான். நெருப்புப் பொறி இல்லை, புகை இல்லை, பெயின்ட் கருகவில்லை. இத்தனையையும் அவன் கண்ணை மூடிக்கொண்டு, விரலாலேயே தடவிப் பார்த்துச் செய்வதை ஜனங்கள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். வித்தைக்காரன் என்று சொன்னார்கள்.

வித்தையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. அவனுக்குக் கண் போய்க்கொண்டிருந்தது.

தூத்துக்குடி டிங்கர்களிடம் ஒரு கிறுக்குத்தனம் உண்டு. வெல்டிங் வைக்கும்போது முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி பிடிக்கிறவனைத் தொழில் பழகாதவன் என்று கேலி செய்வார்கள். நல்ல டிங்கர் என்றால் ஒரு கண்ணைச் சுருக்கி, மறு கண்ணால் அந்த நீல வெளிச்சத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டும். சாயங்காலம் கண்ணுக்குள் மணலைக் கொட்டியதுபோல் உறுத்தினால் உருளைக்கிழங்கை வட்டமாக நறுக்கி மேலே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும். காலையில் எழுந்து மறுபடி பார்க்க வேண்டும். முப்பது வருஷம் அப்படிப் பார்த்ததில், தஸ்நேவிஸின் பார்வைக்கு நடுவில் ஒரு சாம்பல் பொட்டு விழுந்து, அது பொட்டாக இருந்து, வடை அளவாகி, இப்போது சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வந்துவிட்டது. ஓரமெல்லாம் தெரியும். நடுவில்தான் ஒன்றும் கிடையாது. வெல்டிங் ராடின் நுனி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நல்ல தகட்டில் ஓட்டை போட ஆரம்பித்த பிறகுதான், யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போய் ஒரு கண் டாக்டரிடம் காட்டினான். டாக்டர் விளக்கை அடித்து அடித்துப் பார்த்துவிட்டு, போனது போனதுதான், இருக்கிறதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள், வெல்டிங் பக்கம் தலை வைக்காதீர்கள், வண்டி ஓட்டவே கூடாது என்றார்.

வெல்டிங்கை விட்டான். வண்டி ஓட்டுவதை விடவில்லை. ரிப்பேர் முடிந்த வண்டியை டிங்கரே ஒரு ரவுண்டு ட்ரையல் ஓட்டிக் காட்டாவிட்டால் எந்தக் கஸ்டமர் சாவியை வாங்குவான்? அதைவிடப் பெரிய சங்கடம் வீட்டில் இருந்தது. அவன் பெண்டாட்டி அமலோற்பவம், ஊரில் அமலி டீச்சர், பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுக்கிறவள். இருபது வருஷத்தில் ஊரில் பாதிப் பெண்களை ஸ்டியரிங் பிடிக்க வைத்தவள், கிளட்ச் மிதிக்கிற சத்தத்தை வைத்தே மிதித்தவளின் மனசு என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லிவிடுகிறவள். அவளிடம் கண் போச்சு என்று சொன்னால் அவள் முகத்தில் ஒரு பரிதாபம் வரும். அந்தப் பரிதாபத்தைப் பார்க்க அவனுக்குத் தெம்பில்லை. பார்க்கவும் முடியாது என்பது வேறு விஷயம். ஆகவே தஸ்நேவிஸ் வாயைப் பூட்டிக்கொண்டான்.

இப்படியிருக்க, பசை போட்ட முதல் வண்டி வெளியே போனது. அது புரோக்கர் எபநேசருடைய வண்டி. எபநேசர் பழைய கார் வாங்கி விற்கிறவர். வெள்ளை வேட்டி, வாயில் ஏலக்காய், நாக்கில் எலும்பே கிடையாது. பார்ட்டி ஒருவரைக் கூட்டிவந்து காரின் முன்பக்கத் தகட்டில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டி, "அண்ணாச்சி, இது ஒரே ஒரு டாக்டர் ஓட்டின வண்டி" என்றார். தட்டின தகடு அவர் காலடியில் விழுந்தது. எறியப்பட்டதுபோல் அல்ல; பந்தியில் இலை போடுவதுபோல மெதுவாக, ஓசைப்படாமல் இறங்கியது. எபநேசர் சிரித்துச் சமாளித்து, "ஆக்சிடெண்டே பாக்காத வண்டி" என்று பானெட்டைத் தட்டினார். பானெட் இறங்கியது. "மழையில நனைஞ்சதில்ல" என்றார். கதவு இறங்கியது. வேர்த்துப்போய், மிச்சமிருந்த வண்டியைப் பிடித்துக்கொண்டு, "சரிவே, அஞ்சு பேர் கைமாறி, உப்பு லாரியில மோதி, ரெண்டு வெள்ளத்துல மெதந்த வண்டி, போதுமா!" என்று கத்திக்கொண்டே கதவைத் தூக்கி அதன் இடத்தில் வைத்தார். கிளிக் என்று ஒட்டிக்கொண்டது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்த மாதிரி ஒட்டிக்கொண்டது.

பார்ட்டி அந்த இடத்திலேயே வண்டியை வாங்கிக்கொண்டார். "முப்பது வருஷமா கார் வாங்கி ஏமாந்திருக்கேன், மொத தடவையா என்னத்த வாங்குதோம்னு தெரிஞ்சு வாங்குதேன்" என்று சொல்லி, எபநேசரைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுப் போனார். பஞ்சாயத்து வைக்க ஆவேசமாகப் பட்டறைக்குக் கிளம்பிய எபநேசர், பாதி வழியில் யோசித்து, தன்னிடம் இருந்த மிச்ச ஏழு வண்டிகளையும் பசை போடச் சொல்லி அனுப்பிவிட்டார்.

பிறகு என்ன, ஊர் முழுக்கப் பரவிவிட்டது. எல்லா வண்டியும் துரு, எல்லா வண்டிக்கும் பசை. வண்டிக்குள் உட்கார்ந்தோ, வண்டியில் கை வைத்தோ பொய் சொன்னால் ஏதாவது ஒன்று கழன்றுவிடும்; சொன்னவனே கழன்றதைக் கையில் எடுத்து, உண்மையைச் சொல்லி வைத்தால் ஒட்டிக்கொள்ளும்; வேறு எவன் வைத்தாலும் ஒட்டாது. யாரும் ஆச்சரியப்பட்டு வேலைவெட்டியை விட்டுவிடவில்லை. தூத்துக்குடி ஜனங்கள் புயலையே எழுந்து நின்று பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்து சீட்டு விளையாடுகிறவர்கள். எந்தப் பொய்க்கு எது விழும் என்பதை ஒரு மாசத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். விருந்து வீட்டு வாசலில் காரைவிட்டு இறங்காமல் பசியோடு "இப்பத்தான் சாப்பிட்டேன்" என்றால் வைப்பர். மதினியின் சேலையை நல்லாயிருக்கு என்றால் நம்பர் பிளேட். வீட்டில் லுங்கியோடு இருந்து காரில் ஏறிக்கொண்டே போனில், "பாலத்துக்கிட்ட வந்துட்டேன்" என்றால் முன்பக்க பம்பர். கல்யாணம் பேசப் போகிற வண்டியில் மாப்பிள்ளைக்கு ஒரு கெட்ட பழக்கமும் கிடையாது என்று ஒருவர் சொல்ல, நாலு கதவும் ஒரே நேரத்தில் இறங்கி, உள்ளே பூவும் தட்டுமாக உட்கார்ந்திருந்த ஏழு பேரும் பழைய பஸ் ஸ்டாண்டு நடுவில் ஊருக்கே காட்சி கொடுத்தார்கள்.

இதற்கெல்லாம் ஒரு மரியாதையும் தானாக உண்டாயிற்று. ரோட்டோரத்தில் ஒருவன் பம்பரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று முணுமுணுத்தால், பக்கத்தில் போகிறவர்கள் நின்று, திரும்பி, வானத்தைப் பார்க்க வேண்டும். அவன் உண்மையைச் சொல்லி முடித்து, கிளிக் என்று கேட்ட பிறகுதான் நடக்க வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட இது பழகிவிட்டது. காலை ஒன்பது மணிக்கு, ஆபீசுக்கு லேட்டாகப் போகிற நேரத்தில், மேலூர் ரோட்டில் நீங்கள் நின்று பார்த்தால் பாதி ஜனம் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் காணலாம்.

பங்குச்சாமியார் தன் காரில் ஏறும்போது, "உங்களுக்காகத் தினமும் ஜெபிக்கிறேன்" என்று வழக்கமாகச் சொல்வதை நிறுத்திவிட்டு, "ஞாபகம் வந்தா ஜெபிக்கிறேன்" என்று சொல்ல ஆரம்பித்தார். ஜனங்களுக்கு அவர் மேல் என்றும் இல்லாத நம்பிக்கை வந்தது. கவுன்சிலர் எலெக்‌ஷனுக்கு நின்ற சங்கரவேல், எவனோ எதிரி பேச்சைக் கேட்டு, தன் பிரச்சார ஜீப்புக்குப் பசை போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து, "உங்கள் வீட்டுப் பிள்ளையாக" என்று ஆரம்பித்த உடனே கண்ணாடி போயிற்று. "தூக்கம் இல்லாமல் உழைத்து" என்றதும் கூரை போயிற்று. கடைசியில் நாலு சக்கரத்துக்கு நடுவில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்று, "எனக்கு வேற வேலை தெரியாது, வீட்டுல சும்மா இருந்தா மாமனாரு திட்டுதாரு, அதான் நிக்கேன்!" என்று அலறினார். எதிரியின் கணக்குத் தப்பிப்போனது. வார்டே ஒட்டுமொத்தமாக அவருக்குக் குத்தியது. மாமனார் என்றால் என்னவென்று வார்டுக்குத் தெரியாதா?

இப்படி ஊரே உண்மைக்குப் பழகிக்கொண்டிருக்க, பசையைக் குழைத்தவன் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். தஸ்நேவிஸ் எந்த வண்டியிலும் கை வைத்துக்கொண்டு பேச மாட்டான். வேலை செய்யும்போது ஊமை. பேசும்போது இரண்டடி தள்ளி நிற்பான். ட்ரையல் போகும்போது யாரையும் ஏற்றிக்கொள்ள மாட்டான். தனியாக, வாயைத் திறக்காமல், ரோட்டின் ஓரக்கோட்டைக் கண்ணின் ஓரத்தால் பிடித்து, எதிரே வருவதைக் காதால் கேட்டு, அந்தோணியாரை மனசுக்குள் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டிப்போய்த் திரும்பி வருவான். திரும்பி வந்ததும் பட்டறைக்குப் பின்னால் போய் வாந்தி எடுப்பான். பயந்துதான் எடுப்பான். யாரையாவது கொன்றுவிடுவோம் என்று அவனுக்குத் தெரிந்தேயிருந்தது. தெரிந்தும் அடுத்த நாள் சாவியை எடுத்தான். மனுஷன் எவ்வளவு பெரிய முட்டாள் பாருங்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை, டிரைவிங் ஸ்கூல் வாசலுக்கு உப்பளத்தில் வேலை செய்கிற முத்துக்கிளி வந்து நின்றாள். முழங்கையில் சிராய்ப்பு, கையில் நசுங்கிய தூக்குச்சட்டி, பின்னால் ஹாண்டில் திரும்பிப்போன சைக்கிள்.

"ஒங்க வீட்டுக்காரரு என்னைய இடிச்சிட்டாரு டீச்சர்" என்றாள்.

அமலி பதறிப்போய் எழுந்தாள். "அடிபட்டுருச்சா? எங்க? தெரியாம நடந்திருக்கும்மா, குறுக்க எதுவும் வந்திருக்கும்..."

"தெரியாம இல்ல டீச்சர்! அதத்தான் சொல்ல வந்தேன். ரோடு காலியாக் கெடக்கு. நான் ஒருத்திதான் போறேன். நேரா என் மூஞ்சியப் பாத்துக்கிட்டே வந்து இடிச்சாரு. பாத்துக்கிட்டே! நான் அப்பிடி என்ன பாவம் செஞ்சேன் அவருக்கு?"

 அமலி அந்தப் பெண்ணை உட்கார வைத்துக் காயத்தைக் கழுவி, மருந்து போட்டு, டீ வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் வீட்டுக்குப் போய், புருஷன் சாப்பிடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். குழம்புக் கிண்ணத்தை எடுக்கக் கை நேராகப் போகவில்லை. முதலில் தட்டின் விளிம்பைத் தொட்டு, விளிம்போடு ஊர்ந்து, பிறகு கிண்ணத்துக்குப் போயிற்று. அவன் வெல்டிங்கை விட்ட இந்த எட்டு மாசமாக இவள் எங்கே பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அவளுக்கே அவள் மேல் ஆத்திரம் வந்தது.

"ட்ரையல் போன வண்டியில என்ன கீறல்?" என்று கேட்டாள்.

"நாய் குறுக்க வந்துச்சு" என்றான். சாப்பாட்டு மேசையில் பசை இல்லை. ஒன்றும் விழவில்லை.

மறுநாள் காலை அவள் தன் ஸ்கூல் வண்டியைக் கொண்டுவந்து பட்டறையில் விட்டாள். இருபது வருஷத்து வெள்ளைக் கார். உப்புக் காற்று அதைச் சல்லடையாக்கியிருந்தது. உட்காருகிறவர்கள் காலுக்குக் கீழே ரோடு ஓடுவது தெரியும். "கூரையில இருந்து அடித்தகடு வரைக்கும் பாத்துக் குடுங்க, எல்லாத்துக்கும் பசை" என்றாள். தஸ்நேவிஸ் நாலு நாள் தடவினான். ஊரில் அதைவிட அதிகமாகப் பசை குடித்த வண்டி கிடையாது. ஐந்தாம் நாள் பத்து மணிக்கு அவள் வந்து இடது பக்க சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"ட்ரையல் போலாம். நீங்க ஓட்டுங்க."

"நான் தனியாப் போயிட்டு வாரேன் அமலி. சோலி கெடக்குல்லா ஒனக்கு" என்றான், இரண்டடி தள்ளி நின்று.

"எனக்குச் சோலியே இதுதான். ஏறுங்க."

டிரைவிங் ஸ்கூல் வண்டியில் டீச்சர் உட்காருகிற பக்கத்திலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருக்கும். அமலி செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு பெடல்மேலும் காலை வைத்துக்கொண்டாள். தஸ்நேவிஸுக்கு வேறு வழியில்லை. ஏறினான். முத்தையாபுரம் தாண்டி, உப்பளங்களுக்கு நடுவில் வண்டி நடமாட்டம் இல்லாமல் நேராகப் போகிற மண் ரோட்டுக்கு வந்த பிறகு, வண்டியை முதல் கியரில் ஊரவிட்டு, படிக்க வருகிற பெண்களிடம் பேசுகிற அதே குரலில் அவள் ஆரம்பித்தாள்.

"வெல்டிங்க ஏன் விட்டீய?"

 "ஏரோப்ளேனையே பசை போட்டுத்தான் ஒட்டுதாங்க" என்றான். ஒன்றும் விழவில்லை. அட, இது உண்மைதானா என்று அவனுக்கே ஆச்சரியம். அந்தத் தைரியத்தில், "அதனாலதான் விட்டேன்" என்று சேர்த்துச் சொன்னான். இடதுபக்கக் கண்ணாடி மெதுவாக இறங்கி ரோட்டில் படுத்துக்கொண்டது.

அமலி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னால என்ன தெரியுது?"

"ரோடு."

"ரோட்டுல?"

எங்கேயோ ஒரு லாரிச் சத்தம். "லாரி வருது. பச்சைக் கலர்." முன்பக்க பம்பர் போயிற்று. லாரி பின்னால் மெயின் ரோட்டில் போய்க்கொண்டிருந்தது.

"அப்புறம்?"

"வேறொண்ணுமில்ல, ரோடு சுத்தமா இருக்கு, நல்லாத் தெரியுது." பானெட் போயிற்று. ரோட்டின் நடுவில் ஒரு வெள்ளாடு நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அமலி பிரேக்கை மிதித்து நிறுத்தி, அது நகர்ந்ததும் காலை எடுத்தாள்.

"போன வாரம் முத்துக்கிளிய ஏன் இடிச்சீய?"

"நான் யாரையும் இடிக்கல!" அவன் பக்கத்துக் கதவு போயிற்று. "பிரேக் பிடிக்கல!" அவள் பக்கத்துக் கதவு போயிற்று. "கண்ணு எனக்கு நல்லாத்தாம்ட்டி இருக்கு, என்ன கேள்வி கேட்டுக்கிட்டே வாற நீ!" கூரை, முன்கண்ணாடியும் பின்பக்கமுமாக முழுசாக எழும்பி, அப்பளத்தை எடுத்து வைப்பதுபோல் பக்கத்துப் பாத்தியின் வரப்பில் போய் உட்கார்ந்தது. மேலே வெயில் சுள்ளென்று இறங்கியது. உப்பளத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உப்பு அள்ளுகிற வாரியை நட்டு வைத்துவிட்டு, ஒருவர் பாக்கியில்லாமல் வானத்தைப் பார்க்கத் திரும்பினார்கள்.

அமலி பிரேக்கை அழுத்தி வண்டியை நிறுத்தினாள். இப்போது மிஞ்சியது எஞ்சின், நாலு சக்கரம், ஸ்டியரிங், இரண்டு சீட், அவற்றைத் தாங்குகிற அடித்தகடு. அடித்தகடும் பசைதான். அது இதுவரைக்கும் யாருடைய பொய்க்கும் கழன்றதில்லை. கழன்றால் மேலே உட்கார்ந்திருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று ஊரில் யாருக்கும் தெரியாது.

"இங்க பாருங்க" என்றாள். "என் மூஞ்சி தெரியுதா?"

அவன் திரும்பினான். நேராகப் பார்த்தான். முடி தெரிந்தது, முடியில் காலையில் வைத்த கனகாம்பரம் தெரிந்தது, இரண்டு காதிலும் கம்மல் ஆடுவது தெரிந்தது, கழுத்துக்குக் கீழே நீலச் சேலை தெரிந்தது. நடுவில் சாம்பல். எட்டு மாசமாக அந்த இடத்தில் சாம்பல்தான். தெரியுது என்று ஒரு சொல் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. எத்தனை சுலபமான சொல். அதைச் சொன்னால் இவள் உட்கார்ந்திருக்கிற தகடு போய்விடும்.

"தெரியல" என்றான்.



"கம்மல் ரெண்டும் தெரியுது. பூ தெரியுது. நடுவுல நீ இல்ல அமலி. நானும் தெனமும் தேடிப் பாக்கேன், நீ இல்ல." அம்பது வயசு ஆள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு, ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதான்.

அவளுக்கு எல்லாம் சேர்த்து வந்தது. முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். "கட்டையில போறவரே! அந்தப் பொம்பள செத்திருந்தா? நீங்க செத்திருந்தா? என்கிட்டச் சொல்லுததுக்கு என்ன கேடு? நான் என்ன அயலாளா?" என்று திட்டினாள், திட்டிக்கொண்டே சேலைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இன்னொரு அடி வைத்தாள்.

பிறகு இருவரும் இறங்கி, வந்த வழியே நடந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்கள். ஒவ்வொன்றும் கிடக்கிற இடத்தை அவள் கைபிடித்துக் காட்டுவாள், அவன் தூக்கிவந்து வைப்பான். கூரைக்கு, டாக்டர் சொன்னது முழுவதையும் சொன்னான். கதவுகளுக்கு, முத்துக்கிளியை இடித்ததையும், அதற்குமுன் இடிபடாமல் தப்பிய மூன்று பேரையும் சொல்லி, இன்றைக்கே அந்தப் பெண் வீட்டுக்குப் போய்க் காலில் விழுவதாகச் சொன்னான். பானெட்டுக்கு, ஆட்டைப் பார்க்கவே இல்லை என்றான். பம்பருக்கு, காதால்தான் இத்தனை நாள் ஓட்டினேன் என்றான். கண்ணாடிக்கு, "வெல்டிங்க நான் விடல, அதுதான் என்னைய விட்டுது" என்றான். ஒவ்வொன்றும் கிளிக் கிளிக் என்று உட்கார்ந்தது. சாவியை அவள் கேட்கவில்லை. அவனாகவே எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டு, சுற்றிப்போய் இடது பக்கம் ஏறிக்கொண்டான். வானத்தைப் பார்த்திருந்தவர்கள் கழுத்தைத் தடவிக்கொண்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

அமலி ஸ்டியரிங்கைப் பிடித்தாள். "இனிமே ட்ரையல் எல்லாம் நான் ஓட்டிக் குடுக்கேன். நீங்க பசை மட்டும் தடவுங்க. ஒரு கொறையும் வராது" என்றாள். எல்லாம் அதன் அதன் இடத்தில் நின்றது. "நாளைக்கு மொத வேலையா மதுரைக்குப் போயி வேற டாக்டரப் பாப்போம்" என்றாள். நின்றது. "எனக்கொண்ணும் பயமில்ல" என்றாள்.

அவள் பக்கத்துக் கதவு இறங்கி ரோட்டில் படுத்தது.

அவள் இறங்கி, இரண்டு கையாலும் கதவைத் தூக்கிப் பொருத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டு, "பயமா இருக்கு. ரொம்பப் பயமா இருக்கு" என்றாள். அது ஒட்டிக்கொண்டது. ஏறி உட்கார்ந்து, மூக்கை உறிஞ்சி, சாவியைத் திருப்பப் போனவள், புருஷன் தன் பக்கம் திரும்பாமல், முன்கண்ணாடி வழியாகத் தூரத்தில் வெள்ளையாகக் குவிந்து கிடந்த உப்பையே வெறித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். நேராகப் பார்த்தால் மறைகிற அவள் முகமும், ரோட்டைப்போலவே, சற்று விலகிப் பார்த்தால் ஓரத்தில் மிச்சமிருக்கிறது என்று அவன் கண் அப்போதுதான் கண்டுபிடித்திருந்தது.

"நான் இங்க அழுதுக்கிட்டு இருக்கேன், நீங்க அங்க என்னத்தப் பாக்கீய?" என்று கேட்டாள்.

"ஒன்னத்தான் பாக்கேன்" என்றான் தஸ்நேவிஸ், உப்பிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வண்டியிலிருந்து ஒரு திருகாணிகூட விழவில்லை.